முற்றத்தில் ஓர் ஆவிரை

பொங்கலுக்கு முந்தைய நாளில் தமிழ்நாட்டு ஊர்களின் தெருமுனைகளில் ஆவாரம்பூவும் சிறுபூளையும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டிய கொத்துகள் குவிந்து கிடக்கும். வீட்டுக்கு இரண்டொன்றாய் வாங்கிச் சென்று கூரை விளிம்பிலும் தலைவாயிலிலும் செருகுவர். காப்புக் கட்டுதல் என்பது அதற்குப் பெயர். கொங்குநாட்டில் இன்றும் இது வீடு தவறாமல் நடைபெறுகின்றது. ஆயின், முந்தைய தலைமுறையினர் இக்கொத்தினை விலைக்கு வாங்கியவர் அல்லர். புறக்கடை வேலியிலும் வயல் வரப்பிலும் நின்ற செடியிலிருந்து ஒடித்து வந்தவர்கள் அவர்கள். இன்றோ நகரத்தாரே அன்றிச் சிற்றூராரும் காசு கொடுத்து வாங்குகின்றனர். ஒடித்துக் கொள்வதற்குக் கண்ணெட்டும் தொலைவில் செடி இல்லை என்பதே அதன் கரணியம்.

ஆவிரை என்பது இதன் செவ்விய பெயர். ஆவாரை, ஆவாரம் என்பன வழக்கில் திரிந்தவை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொகுத்த தொண்ணூற்றொன்பது பூக்களுள் இதுவும் ஒன்று. மடலூரத் துணிந்த தலைவன் ஆவிரையும் எருக்கும் சூடிக்கொண்டு தெருவில் வருவதைக் கலித்தொகை காட்டும். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய இப்பெயரைத் தமிழன்பர் பலர் அறிவர். மேடையில் எடுத்தும் மொழிவர். அவர்களுள் எத்தனை பேர் வீட்டு முற்றத்தில் ஓர் ஆவிரை நிற்கின்றது என்று எண்ணிப் பார்த்தால் விரல்விட்டு எண்ணுமளவும் தேறாது. முற்றத்தில் நிற்பன தாட்பூவும் (காகிதப்பூ) விலைகொடுத்து வாங்கிய பெயர் தெரியாத தொட்டிச் செடிகளுமே.

செம்மண் பறம்பும் கரிசல் வரப்பும் சாலையோரமும் இருப்புப்பாதை ஓரமும் ஆவிரையின் இயல்பான வாழிடங்கள். சாலை அகன்றது, பறம்பு வீட்டுமனையாயிற்று, எஞ்சிய ஓரங்களை மண்வாரி எந்திரம் துப்புரவு என்ற பெயரால் வழித்தெடுக்கின்றது. போதாக்குறைக்குப் பூப்பொடியும் பூந்தேநீரும் விற்பாரின் தேவைக்காகக் காட்டுச் செடிகளின் பூக்கள் கொத்துக் கொத்தாய் உருவப்படுகின்றன. பூவனைத்தையும் உருவிய செடியில் காயேது? காயற்ற இடத்தில் அடுத்த மழைக்கு முளைப்பதுதான் ஏது?

இது பழம்பெருமை பேசி வருந்துவதற்குரிய இழப்பு மட்டுமன்று. ஆவிரையின் பூ எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறிந்தால், அச்செடி அகலும்போது அதனோடு அகல்வன எவையென்பது விளங்கும்.

பொன்னிறமான ஐந்து இதழ்களின் நடுவே பத்துத் தாதிழைகள் உள்ளன. அவை பத்தும் ஒரு தன்மையன அல்ல. மேற்புறத்து மூன்றும் சிறுத்து வலுவிழந்தவை. நடுவிலுள்ள நான்கும் வண்டுக்கு உணவாகும் தாதினைத் தருவன. கீழ்ப்புறத்து மூன்றும் நீண்டு வளைந்தவை. வண்டின் உடலில் தாதினைப் பூசி அடுத்த பூவுக்கு அனுப்புவன. சூல்தண்டு நேரே நில்லாது, சில பூக்களில் இடப்புறமாகவும் சில பூக்களில் வலப்புறமாகவும் சாய்ந்திருக்கும். இடச்சாய்வுப் பூவில் வண்டின் ஒரு விலாவில் ஒட்டிய தாது, வலச்சாய்வுப் பூவின் சூல்முடியில் சென்று படிவதற்கு வாய்ப்பாக இவ்வமைப்பு உள்ளது. ஒரே செடியில் இருவகைப் பூவும் உண்டு. ஆவாரம்பூவை ஆண்டுதோறும் கையில் எடுப்பவர் ஒருமுறை கூர்ந்து நோக்கினால் இவ்வேறுபாட்டைத் தாமே காணலாம்.

இன்னும் வியப்புடையது தாதுப்பையின் அமைப்பு. பிற பூக்களிற் பல, தாதுப்பை நீளவாட்டில் வெடித்துத் தாதினை வெளிப்படக் கொட்டும். ஆவிரையின் தாதுப்பை வெடிப்பதில்லை. அதன் நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. உப்புக் குலுக்கியில் உள்ள உப்பைப் போலத் தாது உள்ளே அடைபட்டிருக்கும், குலுக்கினால்தான் வெளிவரும். குலுக்கத் தெரிந்த வண்டுகளும் உண்டு. பூவை இறுகப் பற்றிக் கொண்டு, சிறகை விரிக்காமலே சிறகுத்தசைகளை விரைந்து அதிர்வித்து, உரத்த ஒலியோடு பூ முழுவதையும் நடுங்கச் செய்யும். உடனே துளை வழியே தாது புகையாய்ச் சீறி வண்டின் மேல் படியும். கூட்டில் வளர்க்கும் தேனீக்கு இக்கலை தெரியாது. ஆவிரையில் தேனீ அமர்வதுண்டு. பிறர் உதிர்த்த தாதினைத் திரட்டிக் கொண்டு போவதே அதற்கு இயலும்.

குலுக்கத் தெரிந்தவற்றுள் முதலிடம் பெறுவது காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் பெரிய கருவண்டு. அதற்கு அடுத்தது, வயிற்றில் நீலப்பட்டைகள் கொண்டு மண்ணில் துளையிட்டு வாழும் சிறு காட்டு ஈ வகை. தும்பி, சுரும்பு, ஞிமிறு, வண்டு எனப் பூவுண்ணும் உயிர்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்தவர் பழந்தமிழர். கருநிறமும் முரலும் ஒலியும் உடையதாய்ப் பழம்பாடல்கள் கூறும் தும்பிக்கு இக்கருவண்டே பெரிதும் பொருந்துகின்றது. இன்றைய வழக்கில் தும்பி என்பது குளத்தின் மேல் பறக்கும் தட்டானுக்கு ஆகிவிட்டது. கருவண்டோ பெயரிழந்து, 'கடிக்கும் வண்டு' என்று குழந்தைகளை அச்சுறுத்துவதற்கும் துடைப்பத்தால் அடிபடுவதற்கும் உரியதாய் நிற்கின்றது. சீண்டாத வரை அது யாரையும் கொட்டுவதில்லை. அதன் ஆணுக்குக் கொடுக்கே கிடையாது.

கருவண்டு இல்லாவிட்டால் யாருக்கு என்ன குறை என்று கேட்பாரும் உளர். அவர்கள் கத்தரிச் செடியைப் பார்க்கட்டும். கத்தரிப் பூவின் தாதுப்பையும் ஆவிரையினதைப் போலவே நுனித்துளை உடையது. குலுக்கும் வண்டு வந்தால் காய்ப்பு மிகும். தக்காளியும் அவ்வகையே. கண்ணாடிக் கூடங்களில் தக்காளி பயிரிடும் ஐரோப்பிய உழவர் ஒரு காலத்தில் ஆட்களை வைத்து, அதிர்வுக் கருவியால் பூக்கொத்துகளை ஒவ்வொன்றாய்த் தட்டி வந்தனர். 1980-களின் பிற்பகுதியிலிருந்து குலுக்கும் ஆற்றலுடைய ஒருவகைப் பருவண்டினைப் பெட்டிகளில் வளர்த்து விலைக்கு வாங்கி விடுகின்றனர். அங்கே விலைகொடுத்து வாங்கும் ஊழியத்தைத் தமிழ்நாட்டுப் புறக்கடைகளில் கருவண்டும் நீலப்பட்டை ஈயும் கூலியின்றிச் செய்து வந்தன. இன்னும் இடமிருக்கும் ஊர்களில் செய்கின்றன. கத்தரிப் பாத்தியின் ஓரத்தில் ஓர் ஆவிரை நிற்பது பாத்திக்கும் நன்று. கத்தரி பூவாத காலத்திலும் வண்டினை அது அவ்விடத்தே நிறுத்தி வைக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆவிரைப் பூவில் தேன் இல்லை. தாது ஒன்றே அது தரும் உணவு. கருவண்டு தன் குஞ்சுக்குத் தாதினை ஊட்டலாம். தான் பறப்பதற்குத் தேன் வேண்டும். ஆதலின் ஆவிரை தனித்து நிற்றல் போதாது. அருகே ஓர் எருக்கு நின்றால் குறை தீரும். எருக்கம்பூவின் தேனை நாடி வருவதும் அதே கருவண்டுதான். மடலூர்ந்தவன் சூடிய ஆவிரையும் எருக்கும் ஒரே பறம்பில் பூத்து, ஒரே வண்டுக்கு ஒன்று சோறும் ஒன்று நீரும் போல் உதவி வந்தவை. எருக்கினை வீட்டருகே வைக்க ஒருப்படாதவர்கள் நொச்சி வைக்கலாம். தரையில் தும்பையைக் களையென்று பறிக்காமல் விட்டாலே சிறு ஈக்கள் பலவும் வந்துவிடும்.

பூவில் தேன் இல்லாத ஆவிரைக்கு இலைக்காம்பில் தேன் உண்டு. எதிரெதிர் இணைந்த சிற்றிலைகளின் இடையே நிமிர்ந்து நிற்கும் சிறு சுரப்பிகள் இனிய நீரைக் கசியும். எறும்புகள் அதை நாடி ஏறும். இலையடியில் செவி மடல் போன்ற அகன்ற பச்சைத் தகடு இரண்டு இருக்கும். நிலைத்திணையியலார் இச்செடிக்கு வைத்த இலத்தீன் பெயரில் உள்ள 'அவுரிக்குலாட்டா' என்பது 'சிறு செவியுடையது' எனப் பொருள்படும். 1753-இல் சுவீடன் நாட்டு இலின்னேயசு அப்பெயரை வைத்தார். அயலார் ஒருவர் இச்செடியின் செவியைக் கண்டு பெயரிட்டிருக்க, நாள்தோறும் அதனைக் கடந்து சென்ற உள்ளூரார் பலர் அச்செவியைக் கண்டதில்லை!

இலை உணவாவது வண்ணத்துப்பூச்சிகளுக்கு. வெளிறிய பசுமை கலந்த வெண்சிறகினை உடையதாய், கூட்டம் கூட்டமாய் இடம்பெயரும் வெள்ளைப் பூச்சியும், தரையையொட்டித் தாழப் பறக்கும் சிறிய மஞ்சள் பூச்சியும் ஆவிரையின் தளிரில் முட்டையிடுவன. பசும்புழு இலையை அரித்துண்டு, அங்கேயே கூட்டுப்புழுவாகிப் பின் சிறகு பெறும். வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்று பூஞ்செடி வாங்கி வைப்பார் பலரும், புழுவைக் கண்டவுடன் நஞ்சு தெளிக்கின்றனர். அரிபட்ட இலைகளைச் செடி சின்னாட்களில் மீண்டும் துளிர்த்துக் கொள்ளும். நஞ்சுண்ட புழுவிற்கு மீட்சி இல்லை. 2019-இல் தமிழ்நாட்டு அரசு 'தமிழ் மறவன்' என்னும் வண்ணத்துப்பூச்சியை மாநிலப் பூச்சியாக அறிவித்தபோது, அப்பெயர் கேட்டு மகிழாத தமிழன்பர் இலர். அம்மறவனின் புழு நீரடிமுத்து இனத்து மரத்தின் இலையை உண்டு வளர்வது. அம்மரத்தைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக் கூடியவர் மகிழ்ந்தோருள் எத்தனை பேர்?

அயல்நாட்டுச் செடிகள் அனைத்தும் தீயன என்று கூறுதல் அறிவுடைமை ஆகாது. மிளகாயும் தக்காளியும் கடல் கடந்து வந்தவையே. உண்ணிச்செடியின் பூவில் வண்ணத்துப்பூச்சி மொய்ப்பதும் கண்கூடு. ஆயின், அதன் இலை இந்நாட்டு வண்ணத்துப்பூச்சிகளின் புழுவுக்குப் பெரும்பாலும் உணவாவதில்லை. அழகுச் செடியாக ஆங்கிலேயர் கொணர்ந்து வைத்த அது, வேலி தாண்டிக் காட்டுள் புகுந்து புல்லையும் புதரையும் மூடி அழித்தது. அழகுக்கென வந்த மற்றொரு மஞ்சள் கொன்றை, ஆவிரைக்கு உறவினதாகிய வெப்ப அமெரிக்க மரம், முதுமலைக் காடுகளில் பரவிவிட்டது. 2022-இல் தமிழ்நாட்டு அரசு அயல்படர் செடிகளை அகற்றுவதற்கெனத் தனிக் கொள்கையே வகுக்க வேண்டியதாயிற்று. நாற்றுப்பண்ணைக்குச் சென்று 'மஞ்சள் பூச்செடி' என்று மட்டும் கேட்டால் இத்தகையது ஒன்று கையில் வந்து சேரும். ஆவிரை என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். இலையடியில் செவித்தகடு உளதா என்றும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

ஆவிரையின் பட்டைக்கும் ஒரு கதை உண்டு. தென்னாட்டில் தோல் பதனிடுதற்கு ஆவாரம் பட்டையே நெடுங்காலம் முதன்மைப் பொருளாய் இருந்தது. அவ்விடத்தைப் பின்னர் வாட்டில் எனப்படும் சீகைமரப் பட்டை பற்றிக் கொண்டது. ஆத்திரேலியாவுக்குரிய அம்மரத்தைத் தோல் தொழிலுக்கென்று நீலமலையிலும் பழனிமலையிலும் புல்வெளிகளை அழித்துத் தோப்புத் தோப்பாய் நட்டனர். பின்னர் அந்தத் தேவையும் சுருங்கிற்று. இன்று அதே மரங்களைப் பிடுங்கிப் புல்வெளியை மீட்கும் பணி நடைபெறுகின்றது. வரப்பில் நின்ற செடி எளியது என்று புறந்தள்ளப்பட்டதற்கு மலை கொடுத்த விலை இது. தெலுங்கர் இவ்வகையில் விழிப்புற்றவர். தங்கேடு எனும் பெயரால் இதே ஆவிரையைத் தெலங்கானா 2014-இல் தன் மாநிலப் பூவாக ஏற்றது. அங்குப் பெண்டிர் எடுக்கும் பதுக்கம்மா விழாவின் பூவடுக்கில் தங்கேடு தவறாது இடம்பெறும்.

இனி வளர்க்கும் முறை. இதிற் கடினம் ஒன்றுமில்லை. பொறுமை மட்டும் வேண்டும். தட்டையான காய்கள் பழுப்பேறிச் சருகாய் உலர்ந்தபின் பறிக்க வேண்டும். ஒரு காயில் பத்துக்கு மேற்பட்ட விதைகள் கிடைக்கும். விதைத்தோல் வன்மையானது, அவ்வாறே ஊன்றினால் பல விதைகள் திங்கள்கணக்கில் முளையாமல் கிடக்கும். கொதிக்க வைத்து இறக்கிய நீரை விதையின் மேல் ஊற்றி, அந்நீரிலேயே ஓரிரவு ஊறவிட்டால் தோல் இளகும். அன்றி, பருமணலோடு சேர்த்துத் தேய்த்தும் ஊன்றலாம். ஊதிப் பருத்த விதைகளை மட்டும் எடுத்து, ஓர் இடத்தில் மூன்று நான்காக, விரல்நுனி ஆழத்தில் ஊன்றி, வலுவுள்ள ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை அகற்ற வேண்டும்.

ஆணிவேர் ஆழமாய் இறங்கும் செடியாதலின், நிற்கப் போகும் இடத்திலேயே விதைப்பது சிறந்தது. பையில் நாற்று வளர்ப்பவர் வேர் சுருண்டு கொள்ளும் முன் நட்டுவிட வேண்டும். கன்னித் திங்களின் (புரட்டாசி) இறுதியில் விதைத்தால், வடகிழக்கு மழை நீர்ப்பாய்ச்சும் வேலையைப் பார்த்துக் கொள்ளும். முதற் கோடையில் மட்டும் கிழமைக்கு ஒருமுறை இருமுறை நீர் விட்டால் போதும். பிறகு அது தானே பார்த்துக் கொள்ளும். முழு வெயில் வேண்டும். நீர் தேங்கல் ஆகாது. நிழலில் வைத்து, எருவும் நீரும் மிகுதியாய்க் கொடுத்து, 'பூக்கவில்லையே' என்று நொந்து கொள்பவர் செடியின் பிறப்பிடத்தை மறந்தவர். சரளை மண்ணில் ஆளுயரம் நின்று பூப்பது அதன் இயல்பு. செடிக்குச் செடி ஐந்தாறு அடி இடைவெளி விட்டு வேலியோரம் வரிசையாய் வைத்தால் உயிர்வேலி ஆகும். காய் முற்றியபின் கிளைநுனிகளைச் சற்றே கழித்துவிடலாம். கழித்த தழை வயலுக்குப் பசுந்தழை உரம். உழவர் நெடுங்காலமாய் அறிந்தது.

செடி வைத்து வண்டு வரவில்லையே என்பாரும் உண்டு. வண்டுக்கு உணவு வைத்தவர், வீடு வைத்தாரா? கருவண்டுக்குக் காய்ந்த மரத்துண்டோ பழைய மூங்கிற் கழியோ வேண்டும். பந்தற்காலாய் நின்று இற்றுப்போன மூங்கிலை அடுப்புக்கு அனுப்பாமல் நிழலில் சாய்த்து வைத்தால் அது போதும். நீலப்பட்டை ஈக்கு வெறுமண் வேண்டும். முற்றம் முழுவதையும் பைஞ்சுதையால் (சிமிட்டி) பூசி மூடிவிட்டு, நெகிழித் தொட்டியில் பூச்செடி வைத்தால் அவ்வீ எங்கே குடியிருக்கும்? முறத்தளவு மண்ணேனும் பூசாமல், கொத்தாமல், நஞ்சு படாமல் விடுதல் வேண்டும். மாடிக்குடியினர்க்கு இஃது இயலாது என்பது உண்மையே. அகன்ற ஆழமான தொட்டியில் ஆவிரையைக் குட்டையாய் வளர்க்கலாம். தரையில் நிற்பதன் செழிப்பை அதில் எதிர்பார்த்தல் வேண்டா.

காப்புக்குப் பூப் பறிப்பதில் பிழையில்லை. சொந்தச் செடியிலிருந்து, கிளைக்குப் பாதியை வண்டுக்கும் காய்க்கும் விட்டுவைத்துப் பறித்தால் செடிக்கு இழப்பொன்றும் நேராது. விதைக்கு அலைய வேண்டியவர் சுறவத் (தை) திங்களில் ஊரின் பறம்பிலோ ஏரிக்கரையிலோ பூத்து நிற்கும் செடியைக் குறித்து வைத்துக் கொள்ளட்டும். வரும் கோடையில் அதே செடியினிடம் சென்று, காய்களிற் சிலவற்றை மட்டும் பறித்து, எஞ்சியவற்றை அங்கேயே உதிர விடட்டும். தமிழ்ப்பள்ளி நடத்துவோர் அவ்விதைகளைத் தாட்பொட்டலமாய் மடித்து, 'ஆவிரை' என்று பெயரெழுதி, மழைக்கு முன் மாணவர் கையில் ஆளுக்கு ஐந்து விதை கொடுக்கலாம். ஊறவைக்கும் முறையையும் அதன் மேலேயே எழுதிவிடலாம்.